உலோகத்தைப் பிழிந்த பேராசிரியர்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போகிறவர்களுக்குக் கோமுகி அணையை நெருங்கும்போதே கல்வராயன் மலை கண் முன் எழுந்து நிற்கும். மலைப் பாதையில் ஏறி வெள்ளிமலைப் பக்கம் போனால், சாலைக்காகப் பாறையை வெட்டிய இடங்களைப் பார்க்கலாம். வெளிப்புறம் பழுப்பேறிக் கிடக்கும் பாறை, உடைத்த இடத்தில் மட்டும் கருநீலமும் பச்சையும் கலந்து, எண்ணெய் தடவியது போல மினுமினுக்கும். ஆடு மேய்க்கிறவர்களுக்கு அது வெறும் கருங்கல். பூகர்ப்ப சாஸ்திரிகளுக்கோ அது ஒரு சரித்திரப் புத்தகம்.

இந்த மலைகளில் மிகுதியாகக் காணப்படும் அந்தப் பாறை இனத்துக்குச் சார்னோக்கைட்டு என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் சமாதியில் பதித்த கல் இந்த இனத்தைச் சேர்ந்தது. அதைக் கொண்டு 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற ஆங்கிலேய நிபுணர் இந்தப் பெயரைச் சூட்டினார். இப்பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இவை உருவான இடம் மலையுச்சி அல்ல. பூமிக்கடியில் 20, 25 கிலோமீட்டர் ஆழம்! மேலே கிடந்த பாறைச் சுமை அழுத்த, உள்ளிருந்த உஷ்ணம் வாட்ட, பழைய தாதுக்கள் உருமாறிப் புதிய தாதுக்களாயின. பிறகு மேலிருந்தவை யுக யுகமாகக் கரைந்து போகவே, அடியில் இருந்தவை வெளியே வந்தன.

அந்த ஆழத்தில் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? நம் தலைக்கு மேலுள்ள காற்று மண்டலம் ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் சுமார் 15 ராத்தல் எடையோடு அழுத்துகிறது. அதைப்போல் 6,000 முதல் 8,000 மடங்கு அழுத்தம் அங்கே! 7,000 மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தபால் தலையளவு இடத்தில் பத்து யானைகளை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி. அதோடு 700, 800 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமும் சேர்ந்துகொள்ளும்.

மலை பட்ட இந்தப் பாட்டை மனிதன் தன் மேஜை மேல் ஒரு சிறு இரும்புக் குழாய்க்குள் நடத்திப் பார்க்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஒருவர் இருந்தார். அவர்தான் அமெரிக்க விஞ்ஞானி பெர்ஸி வில்லியம்ஸ் பிரிட்ஜ்மன். கல்வராயன் மலையை அவர் பார்த்ததில்லை. ஆனால் அந்த மலையின் கல் எதை அனுபவித்ததோ, அதை அளவிட்டுச் சொல்லும் வித்தையை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் அவரே முதல்வர்.

பத்திரிகைக்காரரின் பிள்ளை

1882-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் பிரிட்ஜ்மன் பிறந்தார். தகப்பனார் பத்திரிகை நிருபர். தெய்வ பக்தி மிகுந்தவர். மகனும் தம்மைப் போல் திருச்சபையில் சேர வேண்டும் என்று விரும்பினார். பிள்ளையோ மறுத்துவிட்டான். தானே சோதித்து அறியாத எதையும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல அவன் மனம் இடம் தரவில்லை. தகப்பனாருக்கு வருத்தம்தான். ஆனால் அந்தப் பிடிவாதம் கடைசி மூச்சு வரை பிரிட்ஜ்மனை விட்டுப் போகவில்லை. அவருடைய பெருமைக்கும் அதுதான் காரணம். அவருடைய துயரங்களுக்கும் அதுதான் காரணம்.

1900-ல் ஹார்வார்டு சர்வகலாசாலையில் மாணவராக நுழைந்தார். 1908-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே ஆசிரியராகி, பேராசிரியராகி, 1954-ல் ஓய்வு பெறும் வரை வேறெங்கும் வேலை தேடிப் போகவில்லை. 1912-ல் ஆலிவ் வேர் என்ற பெண்மணியை மணந்தார். ஒரு பெண், ஒரு பிள்ளை என்று அளவான குடும்பம்.

உடைந்த கண்ணாடி காட்டிய வழி

வாலிப வயதில் அவர் தொடங்கிய ஆராய்ச்சி வேறு. அழுத்தத்தின் கீழ் ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய எண்ணம். 1905-ம் ஆண்டு வாக்கில் ஒரு நாள் கருவி வெடித்து முக்கியமான பாகம் உடைந்துவிட்டது. மாற்றுப் பாகம் வரும் வரை காத்திருக்க வேண்டும். நம்மில் பலர் அந்த நாட்களை ஓய்வாகக் கழிப்போம். பிரிட்ஜ்மன் மிச்சமிருந்த கருவியை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்யலாம் என்று குடைந்து கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

அக்காலத்தில் திரவத்தை 3,000 மடங்கு காற்றழுத்தத்துக்கு மேல் அழுத்துவது மிகக் கடினம். காரணம், ஒழுகல்! சைக்கிள் பம்ப்பில் வாஷர் தேய்ந்தால் காற்று புஸ்ஸென்று பக்கவாட்டில் போய்விடுகிறதல்லவா? அதே கதைதான். மறையை எவ்வளவு இறுக்கினாலும், உள்ளேயுள்ள அழுத்தம் அந்த இறுக்கத்தை மீறியதும் திரவம் பீறிட்டு வந்துவிடும்.

பிரிட்ஜ்மன் செய்த மூடியின் தலை காளானைப் போல இருந்தது. திரவம் காளான் தலையின் முழுப் பரப்பையும் தள்ளும். ஆனால் தலைக்குப் பின்னால் வளையமாக வைத்த மெத்தென்ற அடைப்பான் மட்டுமே அந்தத் தள்ளுதலைத் தாங்கும். காளானின் காம்பு ஒரு துவாரத்தில் தாங்குதல் இன்றித் தொங்கும். முழுப் பரப்பின் சுமை முழுவதும் சிறிய வளையத்தின் மேல் விழுவதால், அடைப்பானுக்குள் இருக்கும் அழுத்தம் திரவத்தின் அழுத்தத்தை விட எப்போதும் அதிகமாகவே இருக்கும். உள்ளே அழுத்தம் கூடக் கூட மூடியும் தானாக இறுகும். பகைவனின் பலத்தைக் கொண்டே பகைவனைக் கட்டிப்போடுவது போன்ற யுக்தி இது!

ஒழுகல் நின்றது. இனித் தடையாக இருந்தது எஃகின் பலம் ஒன்றுதான். நல்ல எஃகு கிடைக்கக் கிடைக்க 6,000, 12,000, 20,000 என்று அவர் ஏறிக்கொண்டே போனார். பின்னாளில் டங்ஸ்டன் கார்பைடு என்ற கடினமான பொருளைப் பயன்படுத்தியும், ஓர் அழுத்தக் கலத்துக்குள் இன்னொன்றை வைத்தும் 1,00,000 மடங்கைத் தொட்டார். உலகிலேயே ஆழமான கடலின் அடித்தளத்தில்கூட அழுத்தம் 1,100 மடங்குதான் என்பதை நினைத்துப் பாருங்கள்!

ஒளி ஆராய்ச்சி என்னவாயிற்று? அதை அவர் தொடரவே இல்லை. வழி தவறிப் போனவன் புதையலில் தடுக்கி விழுந்தால், பழைய வழியை ஏன் தேடப் போகிறான்?

நெருப்பில்லாமல் வெந்த முட்டை

இப்படி ஒரு புதிய உலகத்தின் கதவு திறந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் பிரிட்ஜ்மன் குழாய்க்குள் போட்டு அழுத்தினார். 1914-ல் முட்டையின் வெள்ளைக் கருவை அழுத்தினார். சூடு காட்டாமலே அது வேக வைத்த முட்டை போல உறைந்துவிட்டது! அதே ஆண்டில் வெண் பாஸ்பரஸை 200 டிகிரி உஷ்ணத்தில் 12,000 மடங்கு அழுத்தத்துக்கு உட்படுத்தினார். காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும் அந்த முரட்டுப் பொருள், கரிபோன்ற சாதுவான கறுப்புப் பாஸ்பரஸாக மாறியது. தண்ணீரை அழுத்தினார். நாம் அறிந்த பனிக்கட்டியோடு சேராத புதுப் புதுப் பனிக்கட்டிகள் தோன்றின. அவற்றில் ஒன்று கொதிநீரை விடச் சூடாக இருந்தும் உருகாது!

பொருளின் குணம் என்று நாம் சொல்வதெல்லாம் நம் வீட்டுக் காற்றழுத்தத்தில், நம் வீட்டு உஷ்ணத்தில் அது காட்டும் முகம் மட்டுமே. சூழ்நிலையை மாற்றினால் வேறு முகம் காட்டும். பிரிட்ஜ்மனின் வாழ்நாள் ஆராய்ச்சியை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

பெட்ரோமாக்ஸ் வலையில் இருக்கும் உலோகம்

இனி நம் கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருவோம். மின்சாரம் வராத காலத்தில் கல்யாண ஊர்வலத்துக்கும் தெருக்கூத்துக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்குத்தானே துணை? அந்த விளக்கின் வலை தோரியம் என்ற பொருளால் ஆனது. அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் சீரியம் கலந்திருக்கும். அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால் அவ்வளவு வெளிச்சம் வராது. சிகரெட் லைட்டரில் பொறி பறக்கச் செய்யும் கல்லிலும் பெரும்பகுதி சீரியம்தான்.

சீரியம், அபூர்வ மண் உலோகங்கள் என்று அழைக்கப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயர்தான் அபூர்வம், அக்குடும்பத்தில் மிகுதியாகக் கிடைப்பது சீரியமே. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்ற தாதுவில் இது இருக்கிறது. 1803-ல் ஐரோப்பிய ரசாயனிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வானில் கண்ட சீரிஸ் என்ற சிறு கிரகத்தின் பெயரை இதற்கு இட்டார்கள்.

1927-ல் பிரிட்ஜ்மன் வேறு சில மூலகங்களோடு சீரியத்தையும் குழாய்க்குள் வைத்து அழுத்தினார். மற்ற உலோகங்கள் அழுத்தம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கின. சீரியமும் முதலில் அப்படித்தான் போயிற்று. ஆனால் அழுத்தம் 7,000, 8,000 மடங்கை எட்டியதும் அது ஒரே தாவலில் சுருங்கிவிட்டது! அதன் மின்தடையும் திடீரென்று மாறியது. இந்தத் தாவலில் உலோகத்தின் கொள்ளளவு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைகிறது என்பது இன்றைய அளவீடு. கெட்டியான உலோகம், யாரோ உள்ளிருந்து காற்றைப் பிடுங்கிவிட்டாற்போல் சுருங்குவது விந்தை அல்லவா?

என்ன நடந்தது? பிரிட்ஜ்மன் ஊகக் கதைகளைப் பின்னவில்லை. எந்த அழுத்தத்தில், எவ்வளவு சுருங்கிற்று என்பதை மட்டும் எழுதி வைத்தார். காரணத்தின் கதவு திறக்க 22 ஆண்டுகள் ஆயின. 1949-ல் சிகாகோவில் லாசன், டாங் என்ற இரு விஞ்ஞானிகள் அழுத்தத்தில் இருந்த சீரியத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்தார்கள். அப்போது வந்த விடை எல்லோரையும் திகைக்க வைத்தது.

கள்ளக்குறிச்சிச் சந்தையில் எலுமிச்சம் பழங்களைக் கோபுரமாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழ்வரிசைப் பழங்களின் இடைப் பள்ளத்தில் மேல்வரிசைப் பழம் உட்காரும். சீரிய ஸ்படிகத்தில் அணுக்களின் அடுக்கும் அப்படிப்பட்டதுதான். பொதுவாக ஒரு பொருள் அழுத்தத்தில் உருமாறினால், பழங்களை வேறு விதமாக அடுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். சீரியத்திலோ அடுக்கு மாறவே இல்லை. அதே அடுக்கு, அதே வரிசை. பழங்கள்தான் சிறுத்துவிட்டன! அணுவே சுருங்கிவிட்டது!

ஒவ்வொரு சீரிய அணுவின் உட்கூட்டிலும் தனித்து ஒதுங்கி வாழும் ஓர் எலெக்ட்ரான் உண்டு. அக்கம்பக்கத்து அணுக்களோடு அதற்குப் பேச்சுவார்த்தை இல்லை. அழுத்தம் எல்லை மீறும்போது அந்த எலெக்ட்ரானும் ஒதுங்கி இருக்க முடியாமல் அண்டை அணுக்களைப் பிணைக்கும் வேலையில் பங்கு கொள்கிறது. பிணைப்பு வலுப்படவே அணுக்கள் நெருங்குகின்றன. இதுவே விளக்கத்தின் சாரம். அந்த எலெக்ட்ரான் எவ்வளவு தூரம் வெளியே வருகிறது, எப்படிப் பங்கு கொள்கிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை. பிரிட்ஜ்மன் எழுதி வைத்த அந்தத் தாவலுக்கு வயது நூறை நெருங்குகிறது!

உஷ்ணமும் அழுத்தமும் ஆடும் மல்யுத்தம்

இதில் இன்னொரு வேடிக்கை. கல்வராயன் பாறை உருவான ஆழத்தில் இருந்த அழுத்தமும், சீரியத்தின் அணு சுருங்கும் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் அந்த ஆழத்தில் ஒரு சீரியக் கட்டியை வைத்தால் அது திடீரென்று சுருங்குமா?

சுருங்காது! காரணம், அங்கே உஷ்ணமும் இருக்கிறது. அழுத்தம் அணுக்களை நெருக்கப் பார்க்கும். உஷ்ணம் அவற்றை விலக்கப் பார்க்கும். இரண்டும் மல்லுக்கு நிற்கும். சீரியத்தைச் சூடாக்கச் சூடாக்க, அதைச் சுருக்க அதிக அழுத்தம் தேவைப்படும். சுருங்கும் அளவும் குறைந்துகொண்டே வரும். 200, 300 டிகிரி உஷ்ணமும் 15,000 முதல் 20,000 மடங்கு அழுத்தமும் கூடும் இடத்துக்கு அப்பால் தாவலே மறைந்துபோகும். பெரிய சீரியம், சிறிய சீரியம் என்ற பேதமே அங்கே இல்லை. தண்ணீருக்கும் நீராவிக்கும் இடையேயுள்ள வேற்றுமை கடும் உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் மறைவதை விஞ்ஞானிகள் அறிவார்கள். கெட்டியான ஒரு மூலகத்திலேயே அப்படி நேர்வது மிக மிக அபூர்வம்.

சாதாரண அழுத்தத்தில் சுமார் 726 டிகிரிக்குச் சூடாக்கினால் சீரியத்தின் அடுக்கே மாறிவிடும். சுமார் 798 டிகிரியில் உருகிவிடும். ஆகவே கல்வராயன் பாறை வெந்த ஆழத்தில் சீரியக் கட்டி உருகும் தறுவாயில் இருக்குமே தவிர, தாவிச் சுருங்காது. அழுத்தம் மட்டும் தெரிந்தால் போதாது, உஷ்ணமும் தெரிய வேண்டும். பாறைக்கும் இதே விதிதான். எந்தத் தாது எந்த அழுத்தத்திலும் உஷ்ணத்திலும் பிறக்கும் என்று ஆய்வுக்கூடத்தில் கண்ட பிறகே, ஒரு கல்லைக் கையில் எடுத்து அது எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடிந்தது.

இந்த ஆராய்ச்சியில் நம்மவர் ஒருவருக்கும் பங்கு உண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது. பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் பணியாற்றிய ஏ. ஜெயராமன், பின்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அழுத்த ஆராய்ச்சியில் புகழ் பெற்றார். சீரியத்தை அழுத்தினால் அது உருகும் உஷ்ணம் முதலில் குறைந்து, சுமார் 33,000 மடங்கு அழுத்தத்துக்குப் பிறகு ஏறத் தொடங்குகிறது என்பதை 1965-ல் அவர் வெளியிட்டார். சாதாரணமாக உலோகத்தை அழுத்தினால் உருகுவது கடினமாகும். சீரியம் இதிலும் எதிர்க்கட்சி! அதற்கு முந்திய ஆண்டில் ஷெர்வுட் என்ற சகாவுடன் சேர்ந்து, கடோலினியம், சமாரியம் ஆகிய வேறு இரு அபூர்வ மண் உலோகங்களைச் சில நூறு டிகிரி உஷ்ணத்தில் 30,000, 40,000 மடங்கு அழுத்தத்தில் வைத்து, அவற்றின் அணு அடுக்குகள் வரிசை மாறுவதைக் காட்டினார். பிரிட்ஜ்மன் போட்ட பாதையில் தமிழர் ஒருவர் நடந்து போன தூரம் இது.

கையால் செய்வதே அறிவு

சீரியத்தை அழுத்திய அதே 1927-ல் பிரிட்ஜ்மன் தத்துவ நூல் ஒன்றும் வெளியிட்டார். நவீன பௌதிகத்தின் தர்க்கம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஒரு சொல்லுக்கு அர்த்தம் என்பது அதை அளக்க நாம் செய்யும் காரியமே என்பது அதன் சாரம். நீளம் என்றால் என்ன? அளவுகோலை வைத்து அளக்கும் செயல். எந்தச் செயலாலும் சோதிக்க முடியாத கேள்வி வெறும் சொற்கூட்டம். திருச்சபையில் சேர மறுத்த சிறுவன்தான் இங்கே பெரியவனாகிப் பேசுகிறான் என்பது தெரிகிறதல்லவா?

சொன்னபடியே நடந்தும் காட்டினார். பேராசிரியராக இருந்தும் லேத் இயந்திரத்தின் முன் தாமே நின்று கருவிகளைக் கடைந்தார். அளவுகளைத் தாமே எடுத்தார். உதவிக்கு ஓரிரு மெக்கானிக்குகள், அவ்வளவுதான். பெரும் படையாக மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கூட்டங்களும் கமிட்டிகளும் அவருக்கு வேப்பங்காய். கோடை விடுமுறையில் நியூ ஹாம்ப்ஷயர் மலைப்பகுதியில் உள்ள ராண்டால்ஃப் கிராமத்து வீட்டுக்குப் போய் மலையேறுவார், தோட்ட வேலை செய்வார், எழுதுவார்.

மாணவர்கள் சிலரே ஆனாலும் பொறுக்கி எடுத்த முத்துக்கள். ஃபிரான்சிஸ் பர்ச் என்பவர் இவரிடம் கற்ற வித்தையைக் கொண்டு பூமியின் உட்பகுதி எதனால் ஆனது என்று 1952-ல் எழுதிய கட்டுரை பூகர்ப்ப சாஸ்திரத்தில் ஒரு மைல்கல். இவரிடம் பயின்ற இன்னொருவர், பின்னாளில் அணுகுண்டு ஆய்வுக்குத் தலைமை வகித்த ராபர்ட் ஆப்பன்ஹைமர்.

வென்றதும் தோற்றதும்

எல்லாவற்றிலும் வெற்றி கண்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். கரியை அழுத்தி வைரமாக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 1941 முதல் சில கம்பெனிகளும் அதற்குத் துணை நின்றன. வைரம் பிறக்கவில்லை. அழுத்தம் இருந்தது, அதனோடு வேண்டிய அளவு உஷ்ணத்தை வேண்டிய நேரம் நிறுத்தி வைப்பது கைகூடவில்லை. 1954-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் விஞ்ஞானிகள் அதைச் சாதித்தபோது, அவர்கள் கருவியில் பிரிட்ஜ்மனின் தத்துவமே வேலை செய்தது. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறு ஒருவர்.

இதற்கிடையே 1946-ம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

உலக நிகழ்ச்சிகளும் அவரை அழுத்தாமல் விடவில்லை. 1939-ல் அவர் ஒரு பகிரங்க அறிக்கை விடுத்தார். சர்வாதிகார ஆட்சி நடக்கும் தேசங்களின் பிரஜைகளுக்குத் தம் ஆய்வுக்கூடத்தைக் காட்டுவதில்லை என்பது அதன் சாரம். அறிவு சர்வாதிகாரிகளின் கைக்குப் போகக்கூடாது என்பது அவர் கருத்து. விஞ்ஞானம் உலகப் பொதுச் சொத்து ஆயிற்றே, கதவைச் சாத்தலாமா என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. சர்வாதிகாரியின் குற்றத்துக்கு அவனுக்குக் கீழே தவிக்கும் மாணவன் என்ன செய்வான்?

யுத்தம் வந்தது. யுரேனியமும் புளூட்டோனியமும் அழுத்தத்தில் எவ்வளவு சுருங்கும் என்று அணுகுண்டு நிபுணர்களுக்கு அளந்து கொடுத்தவர்களில் பிரிட்ஜ்மனும் ஒருவர். குண்டு விழுந்த பிறகு, விஞ்ஞானியின் கண்டுபிடிப்பைச் சமூகம் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதற்கு விஞ்ஞானியை மட்டும் பொறுப்பாளியாக்குவது முறையல்ல என்று வாதாடினார். ஆனால் 1955-ல், அணு ஆயுதப் போரின் அபாயத்தை எடுத்துக்காட்டி ரஸ்ஸலும் ஐன்ஸ்டைனும் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்திட்ட 11 பேரில் அவரும் ஒருவராக இருந்தார். அழுத்தம் கூடும்போது பொருள் மட்டுமா தன் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது? மனிதனும்தான்.

கடைசிப் பக்கம்

1961-ல் அவருக்கு வயது 79. எலும்பைத் தின்னும் புற்றுநோய். வேதனை நாளுக்கு நாள் பெருகியது. அந்த நிலையிலும் வேலையை விடவில்லை. தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஏழு தொகுதிகளாக ஹார்வார்டு வெளியிட இருந்தது. அவற்றுக்கான பொருளகராதியைத் தம் கையாலேயே முடித்து அனுப்பினார். அதற்குப் பிறகு 1961-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி, ராண்டால்ஃப் வீட்டில் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார்.

அந்த முடிவைப் போற்றுவதற்கு நமக்கு மனம் வராது. எத்தனையோ பொருள்களின் தாங்கும் எல்லையை அளந்தவர், தம் வேதனையைத் தனியாகவே சுமந்தார் என்பதை நினைக்கும்போது வருத்தமே மிஞ்சுகிறது. பக்கத்தில் ஒரு கை ஆதரவாக இருந்து, வலியைத் தணிக்க இன்றுள்ள வைத்தியமும் அன்று கிடைத்திருந்தால், கடைசிப் பக்கம் வேறு விதமாக இருந்திருக்கலாம். ஏழு தொகுதிகளும் 1964-ல் வெளிவந்தன. அவற்றைப் பார்க்க அவர் இல்லை.

ஆனால் பூமித் தாய் அவரை மறக்கவில்லை. நம் காலடியில் 660 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கி, ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் ஆழம் வரை ஒரே தாது மலைமலையாக நிறைந்திருக்கிறது. பூமியின் கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதுதான். பூமியில் அதைவிட மிகுதியான தாது வேறில்லை. இருந்தும், இயற்கையில் கிடைத்த மாதிரியைக் கையில் எடுத்து ஆராயாத வரை ஒரு தாதுவுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது சாஸ்திர விதி. அவ்வளவு ஆழத்துக்கு யார் போவது? கடைசியில், 1879-ல் ஆஸ்திரேலியாவில் விழுந்த ஒரு விண்கல்லுக்குள், மோதலின் அதிர்ச்சியில் உண்டான அதே தாது அகப்பட்டது. 2014-ல் அதற்குப் பெயர் சூட்டினார்கள்: பிரிட்ஜ்மனைட்!

அளந்து பார்க்காமல் எதையும் ஏற்காதவரின் பெயரை, கையில் கிடைக்கும் வரை பெயரில்லாமல் காத்திருந்த தாதுவுக்கு வைத்தது எவ்வளவு பொருத்தம்!

அடுத்த முறை கள்ளக்குறிச்சிப் பக்கம் போனால், கல்வராயன் மலைப்பாதை ஓரத்தில் உடைந்து கிடக்கும் ஒரு கருங்கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். 25 கிலோமீட்டர் ஆழத்தில் நெரிபட்டு வெந்த கதையை அது வைத்திருக்கிறது. அந்தக் கதையைப் படிக்க நமக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தவர்களில் முதன்மையானவரின் பெயர், அதே மலைக்குக் கீழே, இன்னும் வெகு ஆழத்தில், பாறையாகவே நிலைத்திருக்கிறது.